கிள்ரு, கிலுறு, கிஸர், கிதர்: எல்லாம் ஒரே பெயரா? பொருளும் கதைகளும் எழுதும் முறையும்

ஆற்றங்கரைப் பள்ளி கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும்.

பிறக்கவிருக்கும் ஆண் குழந்தைக்கு ‘கிள்ரு முஹம்மது’ என்று பெயர் வைக்க எண்ணம். பழைய பத்திரங்களில் இதே பெயர் கிலுறு முகம்மது, கிழுறு முகமது, ஹிலுர் முகமது என்று மூன்று விதமாகக் கிடக்கிறது. உருது பேசுபவர்கள் கிஸர் என்கிறார்கள். இணையத்தில் கிதர், காதிர் என்றும் வருகிறது.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். ‘பச்சை’ என்று பொருள் சொல்கிறார்கள். மூஸா நபி சந்தித்த அந்தப் பெரியவருக்கு ஏன் அப்படிப் பெயர் வந்தது? ஹயாத் தண்ணீர் (சாகாமல் வாழவைக்கும் உயிர்நீர்) குடித்தவர், கடலில் தத்தளிப்பவரைக் காப்பவர் என்ற கதைகளில் குர்ஆனிலும் ஹதீஸிலும் இருப்பது எவ்வளவு, ஊர் வழக்கு எவ்வளவு? கடைசியாக, பிறப்புச் சான்றிதழில் எப்படி எழுதினால் பின்னால் வளைகுடாவுக்குப் போனாலும் பெயர் சிதையாமல் இருக்கும்?

---

ஓதும்பலகை பதில்:

வ அலைக்கும் ஸலாம். முதல் இரண்டு கேள்விக்கும் முடிந்தவரை சொல்கிறேன்.

பெயரில் மூன்று அரபு எழுத்து: கே, ளாத், றே. பச்சை சம்பந்தப்பட்ட அரபுச் சொற்கள் எல்லாம் இந்த வேரில்தான் கிளைக்கின்றன. ‘அக்ளர்’ என்றால் பச்சை நிறத்தது. அதன் பெண்பால் ‘களரா’. மதீனாவின் பச்சைக் குப்பாவை (குவிமாடத்தை) ‘குப்பத்துல் களரா’ என்பது இதனால்தான். காய்கறிக்கு அரபியர் சொல்லும் ‘குளார்’ கூட இதே வேர்தான்.

அரபியில் இந்தப் பெயரை இரண்டு விதமாக ஓதலாம், இரண்டும் சரி. கேவுக்கு ஸபர் (அகரக் குறி), ளாத்துக்கு ஸேர் (இகரக் குறி) கொடுத்தால் ‘களிர்’. கேவுக்கு ஸேர், ளாத்துக்கு ஜஸ்மு (உயிரோசை இல்லை என்ற குறி) கொடுத்தால் ‘கிள்ர்’. தமிழ் நாக்குக்கு ‘ள்ர்’ என்று இரண்டு மெய்யில் சொல் முடிவது வராது. அதனால் கடைசியில் உகரம் ஒட்டி ‘கிள்ரு’ ஆனது. நடுவிலும் ஓர் உகரம் நுழைந்தபோது ‘கிளுறு’ ஆனது. உங்கள் பத்திரத்தில் இருப்பவை வேறு பெயர்கள் அல்ல, இதன் பேச்சு வடிவங்கள்.

முக்கியமாக ஒன்று: இது பெற்றோர் வைத்த பெயர் அல்ல, ‘லகபு’, அதாவது காரணப்பெயர். அவருடைய இயற்பெயர் பல்யா இப்னு மல்கான் என்று வரலாற்றாசிரியர்களில் பலர் எழுதுகிறார்கள்; அபுல் அப்பாஸ் என்ற குன்யாவையும் (‘இன்னாரின் தந்தை’ என்ற அழைப்புப் பெயர்) சொல்கிறார்கள். வேறு பெயர்கள் சொல்பவர்களும் உண்டு. பச்சை என்ற பட்டம் ஏன் வந்தது என்பதை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் நேரடியாகச் சொல்கிறது, புகாரி ஹதீஸ் தொகுப்பில் 3402. அவர் வெண்மையான ‘ஃபர்வா’ ஒன்றின் மீது அமர்ந்தார். அவருக்குப் பின்னால் அது பச்சையாக அசைந்தாடியது. அதனால் அந்தப் பெயர். இதுதான் ஹதீஸின் சாரம்.

இந்த ‘ஃபர்வா’ என்ற சொல்லில் பலர் தடுக்கி விழுகிறார்கள். அகராதியில் பார்த்தால் உரோமத்தோடு கூடிய தோல் என்று இருக்கும். அதை அப்படியே வைத்து ‘வெள்ளைத் தோலின் மீது அமர்ந்தார்’ என்று எழுதிவிட்டால் ஹதீஸ் புரியாது. இங்கே அது நிலத்தின் மேற்பரப்பு, புல் பூண்டு இல்லாத வெறும் தரை என்று விளக்கவுரையாளர்கள் சொல்கிறார்கள். காய்ந்து வெளுத்த புல் என்பது ஹதீஸ் அறிஞர் அப்துர் ரஸ்ஸாக்கின் விளக்கம். வெயிலில் வெளிறிப்போன தரை, ஒருவர் உட்கார்ந்து எழுந்த இடத்திலிருந்து பச்சை பிடித்து ஆடுகிறது. அரபியில் அங்கே வரும் வினைச்சொல் ‘தஹ்தஸ்ஸு’, அதாவது துளிர் காற்றில் சிலிர்த்து ஆடுவது. நிறம் மாறியது என்று மட்டும் சொல்லவில்லை, உயிர் வந்தது என்று சொல்கிறது. பெயரின் அழகு முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்பேன். அவர் தொழுத இடத்தைச் சுற்றிப் பச்சை பிடிக்கும் என்று பழைய குர்ஆன் விரிவுரையாளர் முஜாஹித் வழியாகவும் ஒரு விளக்கம் உண்டு. ஆனால் ஹதீஸ் இருக்கும்போது அதற்கே முதலிடம்.

குர்ஆனில் இந்தப் பெயர் இல்லை. கஹ்ஃபு சூராவில் 60 முதல் 82 வரையுள்ள வசனங்களில் மூஸா நபி தேடிப்போய்ச் சந்திக்கும் ஆள் ‘நம் அடியார்களில் ஓர் அடியார்’ என்று மட்டுமே வருகிறார் (65ஆம் வசனம்). நம்மிடமிருந்து அவருக்கு ஞானம் கற்பித்தோம் என்று அங்கே வரும் ‘மில்லதுன்னா’ என்ற சொல்லிலிருந்துதான் ‘இல்முல் லதுன்னி’ (அல்லாஹ் நேரடியாகத் தரும் ஞானம்) என்ற வழக்கு. அந்த அடியார் கிள்ரு (அலை) என்று பெயர் சொல்வது உபை இப்னு கஅபு (ரலி) அறிவிக்கும் நீண்ட ஹதீஸ்.

மூஸா நபியோடு போகும் வழியில் கிள்ரு செய்த மூன்று காரியங்கள் எல்லோருக்கும் தெரியும்: படகில் ஓட்டை போட்டது, ஒரு சிறுவனைக் கொன்றது, இடிய இருந்த சுவரை நிமிர்த்தியது. பலரும் விட்டுவிடுவது ஹதீஸில் வரும் சின்னச் சின்ன விவரங்களை. படகுக்காரர்கள் கிள்ரை அடையாளம் கண்டு கூலி வாங்காமல் ஏற்றிக்கொண்டார்கள். கூலி வாங்காதவர்களின் படகையா உடைப்பது என்று மூஸா நபி பதறுவதற்குக் காரணமே அதுதான். அப்போது ஒரு சிட்டுக்குருவி படகின் விளிம்பில் வந்து உட்கார்ந்து கடலில் அலகை நனைக்கிறது. உங்கள் அறிவும் என் அறிவும் சேர்ந்தாலும், அல்லாஹ்வின் அறிவுக்கு முன்னால் அந்தக் குருவி கடலிலிருந்து எடுத்த அளவுதான் என்கிறார் கிள்ரு. பிள்ளைக்குப் பெயர்க் கதை சொல்லும்போது சிறுவனின் மரணத்தில் தொடங்காதீர்கள், குருவியில் தொடங்குங்கள்.

ஹயாத் தண்ணீருக்கு ஹதீஸில் ஒரு நூல் உண்டு, ஆனால் மெல்லிய நூல். மூஸா நபி கூடையில் எடுத்துப் போன மீன் ஒரு பாறையடியில் உயிர்பெற்றுக் கடலுக்குள் நழுவுகிறது. மீன் தொலையும் இடத்தில்தான் அந்த அடியார் இருப்பார் என்பது அடையாளம். புகாரியின் ஓர் அறிவிப்பில், அந்தப் பாறையின் அடியில் ‘ஹயாத்’ என்ற ஊற்று இருந்தது, அதன் நீர் பட்டதெல்லாம் உயிர்பெறும் என்று வருகிறது. முதன்மை அறிவிப்பாளர் அல்லாத வேறொருவர் வழியாக வந்தது என்ற குறிப்பும் அங்கேயே இருக்கிறது. கவனியுங்கள்: உயிர்பெற்றது மீன். கிள்ரு குடித்தார் என்று அதில் இல்லை.

---

அரபுத்தமிழ் நேயன் பதில்:

எழுத்து விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே பெயர் கிள்ரு, கிஸர், கிதர் என்று மூன்றாகப் பிரிந்ததற்கு ளாத் ஒன்றே காரணம்.

இன்றைய அரபியர் ளாத்தைக் கனத்த ‘த/ட’ போல் சொல்கிறார்கள். ஃபார்ஸியிலும் உருதுவிலும் அது ‘ஸ’ ஆகிவிடும். ரமஸான், காஸி, கிஸர் எல்லாம் அந்த வழி. தமிழ் முஸ்லிம்களும் கேரளத்து மாப்பிள்ளைகளும் ‘ள’ என்கிறோம்: ரமளான், வுளூ, ஃபர்ளு, களா. இதைத் ‘தப்பு உச்சரிப்பு’ என்று கேலி செய்பவர்கள் உண்டு. அவர்கள் சீபவைஹியைப் பார்க்க வேண்டும். 8ஆம் நூற்றாண்டில் அரபு இலக்கணம் எழுதிய அவர், நாவின் பக்கவாட்டு விளிம்பும் அதை ஒட்டிய கடைவாய்ப் பற்களும் சேருமிடத்தில் ளாத் பிறக்கிறது என்கிறார். காற்று நாக்கின் பக்கவாட்டில் போகும் ஒலி தமிழில் ல, ள. ஸ்பானிய மொழியில் ‘அல்காளி’ என்ற சொல் ‘அல்கால்தே’ ஆனது. மலாயில் ‘ரிளா’ என்பது ‘ரெலா’ ஆனது. இரண்டிலும் அந்தப் பழைய ‘ல’ ஓசை தங்கியிருக்கிறது. தமிழில் நாம் ‘கிள்ரு’ என்று சொல்வது அந்த வரிசையில் வருவதுதான். கூச்சப்பட ஒன்றுமில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து மறுபடி அரபிக்கும் போகும்போது. ஆங்கில ‘எல்’ எழுத்துக்கு ல, ள, ழ வேறுபாடு கிடையாது. ‘கிளுறு’ என்பதை ஆங்கிலத்தில் எழுதி, அதை மறுபடி தமிழாக்கியபோதுதான் ‘கிலுறு’ பிறந்தது. கே என்ற எழுத்தின் உரசல் ஒலியைக் காட்டுவதாக நினைத்துச் சிலர் ‘ஹ’ போட்டதால் ‘ஹிலுர்’.

அரபியில் ஓர் எழுத்து மாறினால் பொருள் எங்கே போகும் என்று பாருங்கள்:

ளாத்துக்குப் பதில் தால் போட்டால் ‘கதர்’: மரத்துப்போதல், உணர்வற்றுக் கிடத்தல். அதே எழுத்துகளை ‘கித்ர்’ என்று ஓதினால் பெண்கள் இருக்கும் திரைமறைவு.

முதல் எழுத்தைத் தொண்டையடிக் காஃப் ஆக்கி, நடுவில் தாலும் போட்டால் ‘கித்ர்’: சோறு ஆக்கும் பானை. ‘கதர்’ என்று ஓதினால் விதி.

முதல் எழுத்து சாதாரணக் காஃப் ஆனால் ‘கதர்’: கலங்கல், மனவருத்தம்.

முதல் எழுத்து ஹே ஆகி ளாத் நின்றால் ‘ஹளர்’: வந்து சேர்ந்தான், ஆஜர் என்ற பொருள்.

ளாத்துக்குப் பதில் ஸே போட்டால் ‘கஸர்’: காஸ்பியன் கடலோரத்தில் வாழ்ந்த ஓர் இனத்தின் பெயர். அந்தக் கடலுக்கே பழைய அரபியில் பஹ்ருல் கஸர் என்று பெயர்.

தமிழில் எழுதினால் கிட்டத்தட்ட எல்லாமே ஒன்றுபோல் தெரியும். அரபி படித்தவர் கண்ணில் பசுமைக்கும் பானைக்கும் உள்ள தூரம். தட்டச்சு நிலையத்தில் இருப்பவர் உங்கள் ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்து ஊகித்துத்தான் அடிப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, எழுத்துக்கூட்டலை நாம் சரியாகக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, காதர் என்பது வேறு பெயர். அது அப்துல் காதிரிலிருந்து வந்தது, ‘ஆற்றல் உள்ளவன்’ என்று பொருள், முதல் எழுத்து தொண்டையடிக் காஃப், நடுவில் தால். தமிழ்நாட்டில் காதரை ஆங்கிலத்தில் கே-ஹெச் போட்டு எழுதும் பழக்கம் பரவிவிட்டதால் பாலஸ்தீனத்து ‘களிர்’ பெயரோடு எழுத்துக்கூட்டல் ஒன்றாகிவிட்டது. அங்கே பச்சை, இங்கே ஆற்றல். கதீஜாவும் இந்த வேர் அல்ல. அது தால், ஜீம் உள்ள வேறு வேர். அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) பெயரில் உள்ள ‘குத்ரீ’யும் தால் எழுத்துதான், கோத்திரப் பெயர்.

---

துறைமுகத் தெரு பதில்:

ஊர் வழக்குகள் பற்றி. ஹதீஸில் உள்ளதை ஓதும்பலகை பிரித்துக் காட்டிவிட்டதால் நான் நிம்மதியாக எழுதலாம். கீழே வருவது எதுவும் மார்க்க ஆதாரமாகச் சொல்லப்படுவதல்ல. ஒரு பெயர் நாடு நாடாகப் போய் என்னென்ன ஆனது என்பதற்காகச் சொல்கிறேன்.

கிள்ரு ஹயாத் தண்ணீர் குடித்த கதை, குர்ஆனில் வரும் மன்னர் துல்கர்னைனோடு சேர்ந்து வருகிறது. இருள் நாட்டுக்குள் படை போகிறது. முன்னணியில் போன கிள்ரு ஊற்றைக் கண்டு குடிக்கிறார். மன்னருக்கு அது கிடைக்காமல் போகிறது. இதே கதை கிரேக்க மொழியில் இருந்த அலெக்சாண்டர் கதையிலும் உண்டு. அங்கே மன்னரின் சமையற்காரன் உப்புக்கருவாட்டை ஊற்றில் கழுவுகிறான், அது துள்ளி உயிர்பெறுகிறது. மீனும் ஊற்றும் இரண்டிலும் இருப்பதால் பாரசீகக் கதைசொல்லிகள் இரண்டையும் பின்னிவிட்டார்கள்.

இந்தியத் துணைக்கண்டத்தில் அவர் குவாஜா கிஸர், ஆறுகளுக்கும் படகோட்டிகளுக்கும் காவலர். பச்சை உடையில் மீன் மீது நிற்பதாக ஓவியங்களில் வரைந்தார்கள். வங்கத்தில் முர்ஷிதாபாதில் பாத்ரா மாதக் கடைசி வியாழன் இரவு பாகீரதி ஆற்றில் ‘பேரா’ விடுவார்கள்: வாழைத்தண்டுகளைக் கட்டி மிதவையாக்கி, அதன்மேல் விளக்கு ஏற்றி நீரோட்டத்தில் விடுவது. சிந்துவில் சுக்குருக்கும் ரோஹ்ரிக்கும் இடையே ஆற்றுத் தீவில் ஜிந்தா பீர் என்ற பெயரில் அவருக்கு இடம் உண்டு. அதே இடத்தைச் சிந்தி இந்துக்கள் தங்கள் உதேரோலால் வழிபாட்டோடு சேர்க்கிறார்கள், அவருக்கும் மீன்தான் வாகனம்.

பெத்லகேமுக்கு மேற்கே ஒரு பாலஸ்தீன ஊருக்கே ‘அல்களிர்’ என்று பெயர். அங்கே புனித ஜார்ஜ் மடம் இருக்கிறது. அந்தப் பக்கத்து மக்கள் ஜார்ஜையும் களிரையும் ஒருவராகவே பேசுவார்கள். அதனால் அரபுக் கிறிஸ்தவர்களிடமும் களிர் என்ற பெயரைக் காணலாம். இதை ‘முஸ்லிம்களுக்கு மட்டுமான பெயர்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

துருக்கிதான் இந்தப் பெயருக்கு மிகப்பெரிய வீடு. அங்கே ஹிஸிர் அல்லது ஹிதிர். உஸ்மானியக் கடற்படைத் தலைவர் பார்பரோஸா ஹைருத்தீனின் இயற்பெயர் ஹிஸிர்தான். நம் பக்கம் என்றால் 1414இல் தில்லியைப் பிடித்து சையித் வம்சத்தைத் தொடங்கிய கிஸர் கான். துருக்கியர் ஹிஸிரையும் இல்யாஸ் நபியையும் ஒட்டி ‘ஹிதிரெல்லெஸ்’ என்று ஒரு வசந்த விழாவையே வைத்திருக்கிறார்கள், மே 5 மாலை தொடங்கி மே 6. பழைய ஜூலியன் நாட்காட்டியில் அது ஏப்ரல் 23, ஜார்ஜ் திருநாள். 2017இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் துருக்கி, வட மாசிடோனியா பெயரில் இது சேர்ந்தது. ஆண்டையே அங்கே இரண்டாகப் பிரித்திருந்தார்கள்: மே 6 முதல் 186 நாள் ‘ஹிஸிர் நாட்கள்’, மீதி ‘காஸிம் நாட்கள்’. கோடையும் குளிருமாக ஒப்பந்தம், வாடகை, மேய்ச்சல் எல்லாம் அந்தக் கணக்கில் ஓடின.

அந்த இரவில் செய்வதைப் பாருங்கள். ஆசையைத் தாளில் எழுதியோ வரைந்தோ ரோஜாச் செடியடியில் வைப்பார்கள். வீடு வேண்டுமென்றால் கூழாங்கல்லால் சின்ன வீடு கட்டி வைப்பார்கள். உறை ஊற்றாமல் பாலை வைத்து விடிந்ததும் தயிராகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். துருக்கியின் அலவிப் பிரிவு முஸ்லிம்கள் குளிர்காலத்தில், பிப்ரவரி நடுவில், ஹிஸிருக்காக மூன்று நாள் நோன்பு வைக்கிறார்கள். அப்போது வறுத்துத் திரித்த கோதுமை மாவைத் தட்டில் சமமாகப் பரப்பி ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். காலையில் மாவின்மேல் விரல் தடமோ குதிரைக் குளம்பின் தடமோ தெரிந்தால் ஹிஸிர் வந்து போனார், அந்த வீட்டில் அந்த ஆண்டு பரக்கத் என்று பேச்சு. மாவைத் தொடுவதில்லை, தடம் விழும்படி வைத்துவிட்டுப் போவதுதான் மரியாதை. உட்கார்ந்த இடம் துளிர்த்தது என்ற ஹதீஸையும் இந்த மாவுத் தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வந்துபோன அடையாளம் மட்டும் மிஞ்சும் ஒருவர் என்ற எண்ணம் இரண்டிலும் தெரிகிறது.

யாராவது நெருக்கடியில் வந்து கை கொடுத்தால் ‘ஹிஸிர் போல வந்தாய்’ என்பது அன்றாடத் துருக்கிப் பேச்சு. கைகுலுக்கும்போது கட்டைவிரலில் எலும்பு இல்லாவிட்டால் அவர்தான் ஹிஸிர் என்றும் சொல்வார்கள்.

ஒரு முரணையும் சொல்லிவிடுகிறேன். துருக்கியில் நிலத்துக்கு ஹிஸிர், கடலுக்கு இல்யாஸ். நம் துணைக்கண்டத்தில் தலைகீழ், கிஸர்தான் தண்ணீருக்கு. ஊர் வழக்கு என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சாட்சி தேவையில்லை.

---

ஆற்றங்கரைப் பள்ளி:

மூவருக்கும் ஜஸாக்கல்லாஹு கைர். இன்னும் நான்கு சந்தேகம். கிள்ரு நபி இன்றும் உயிரோடு இருக்கிறார் என்பதில் ஆலிம்கள் என்ன சொல்கிறார்கள்? ‘அப்துல் கிள்ரு’ என்று வைக்கலாமா? இதற்குப் பெண்பால் பெயர் உண்டா? கதிர்காமம் பள்ளிவாசலுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு என்று இலங்கையில் சொல்கிறார்களே, ‘கதிர்’ என்பதே ‘களிர்’தானா?

---

ஓதும்பலகை:

உயிரோடு இருக்கிறாரா என்பது பழைய கருத்து வேறுபாடு, இரண்டு பக்கமும் பெரியவர்கள். பெரும்பாலான ஆலிம்களின் கருத்து அவர் உயிரோடு இருக்கிறார் என்பதே, ஸூஃபிகளிடம் இதில் ஒருமித்த கருத்து என்று இமாம் நவவி எழுதுகிறார். இறந்துவிட்டார் என்ற பக்கத்தில் இமாம் புகாரி, இப்னுல் ஜவ்ஸி போன்றவர்கள். அவர்கள் காட்டும் ஆதாரம் முக்கியமாக இரண்டு. ஒன்று, உமக்கு முன் எந்த மனிதருக்கும் நிரந்தர வாழ்வை நாம் கொடுக்கவில்லை என்ற குர்ஆனின் 21:34 வசனம். மற்றது, இன்று பூமியின் மேல் இருப்பவர் யாரும் 100 ஆண்டுக்குப் பின் மிஞ்சமாட்டார் என்ற நபிமொழி. இப்னு ஹஜர் அஸ்கலானி இந்த ஒருவரைப் பற்றியே தனிநூல் எழுதி அறிவிப்புகளைச் சலித்துப் பார்த்திருக்கிறார். ஆண்டுதோறும் ஹஜ்ஜில் கிள்ரும் இல்யாஸும் சந்திக்கிறார்கள் என்ற அறிவிப்பு பலவீனமானது. நபியா வலியா (இறைநேசரா) என்பதிலும் வேறுபாடு உண்டு. ‘இதை என் இஷ்டப்படி செய்யவில்லை’ என்ற கஹ்ஃபு சூராவின் 82ஆம் வசனத்தை வைத்து நபி என்பவர்களின் வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. எந்தப் பக்கம் நின்றாலும் பெயர் வைப்பதற்குத் தடை இல்லை. பெயரின் பொருள் நல்லது, அதைச் சுமந்தவரும் நல்லவர்.

‘அப்துல் கிள்ரு’ வேண்டாம். அப்து என்றால் அடிமை. அதன்பின் அல்லாஹ்வின் திருநாமம்தான் வர வேண்டும். கிள்ரு முஹம்மது, முஹம்மது கிள்ரு இரண்டும் சரி. குன்யாவை நினைத்து ‘கிள்ரு அப்பாஸ்’ என்று வைத்தாலும் பொருந்தும். பெயரோடு ‘நபி’ என்று சேர்த்துப் பதியாதீர்கள். பெண்ணுக்கு ‘களரா’ இருக்கிறது, பச்சையானவள், செழித்தவள்.

---

துறைமுகத் தெரு:

கதிர்காமத்தில் முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசல் இருப்பதும், அது கிள்ரு பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவதும் உண்மை. ஹயாத் தண்ணீர் அங்கே மாணிக்க கங்கைப் பக்கம் இருந்தது என்பது முஸ்லிம்களிடம் உள்ள வழக்கு. ஆடி விழாக் காலத்தில் பள்ளிவாசலிலும் கொடி ஏறும். ஒரே தெருவில் இரண்டு கூட்டமும் நடக்கும்.

ஆனால் ‘கதிர்’ என்பதே ‘களிர்’ என்று சொல்வது ஒலி ஒற்றுமையை வைத்துக் கட்டியது. கதிர் தமிழ்ச்சொல், அதற்கு ஒளிக்கீற்று, நெற்கதிர் என்று தன் பொருள் இருக்கிறது. அரபுப் பெயரில் நடுவெழுத்து ளாத், தமிழில் த. இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் ஒலித்ததால் மக்கள் அன்போடு இணைத்தார்கள் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. அந்த இணைப்பே அழகாக இருக்கும்போது சொல்லாராய்ச்சி என்ற பெயரில் அதைக் கெடுக்க வேண்டாம்.

---

கடல்சங்கு பதில்:

பதிவு வேலையைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது, அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் இருக்கும்போது அவசரப்பட்டு ஆஸ்பத்திரிப் படிவத்திலேயே எழுதிவிடாதீர்கள். சேர்ப்பது எளிது, சேர்த்த பெயரைத் திருத்துவது அலைச்சல். ஏழாம் நாள் அகீகாவுக்குள் வீட்டில் ஒரு எழுத்துமுறையை முடிவு செய்து, ஒரு தாளில் தமிழ், ஆங்கிலம், அரபி மூன்றிலும் எழுதி வைத்து அதைப் பார்த்தே எல்லாப் படிவத்தையும் நிரப்புங்கள்.

தமிழ்நாட்டுச் சான்றிதழில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். தமிழ்ப் பகுதியில் ‘கிள்ரு முஹம்மது’ என்றே போடுங்கள், அது சரியான வடிவம். ஆங்கிலப் பகுதியில் ‘எல்’ போடாதீர்கள். கே, ஹெச், ஐ, டி, ஆர் என்ற ஐந்து எழுத்தே போதும். அரபி தெரிந்தவருக்கு இதைப் பார்த்ததும் கே, ளாத், றே என்று தோன்றும். ‘இஸட்’ போட்டால் உருது வழி, தமிழ்ப் பகுதியோடு ஒட்டாது. ‘ஏ’யும் ‘இ’யும் கலந்து எழுதினால் நம் ஊரில் எல்லோரும் ‘காதர்’ என்று படிப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் வரும் தொல்லை இரண்டு. தமிழ்ப் பிள்ளைகள் ‘கிள்ளு’ ஆக்கிவிடுவார்கள். வடநாட்டுப் பள்ளியில் ‘கிதர்’ என்று உச்சரித்தால் இந்தியில் ‘எங்கே’ என்று கேட்பதுபோல் இருக்கும். முஹம்மது என்பதைப் பின்னொட்டாகச் சேர்த்தே கூப்பிட்டுப் பழக்கினால், அல்லது வீட்டில் ‘களிர்’ என்ற இன்னொரு சரியான வடிவத்தைப் புழங்கினால் இரண்டும் குறையும்.

பாஸ்போர்ட்டில் ‘கிள்ரு’ ஒரு பக்கம், ‘முஹம்மது’ ஒரு பக்கம் பிரியாமல், இரண்டும் பெயர்க் கட்டத்தில் சேர்ந்தே வரட்டும்; குடும்பப் பெயர்க் கட்டத்தில் முஹம்மது போனால் வெளிநாட்டில் எல்லோரும் அவனை முஹம்மது என்றே கூப்பிடுவார்கள், கிள்ரு காணாமல் போகும். வளைகுடாவில் விசாவோ குடியிருப்பு அட்டையோ தட்டச்சு ஆகும்போது அந்த மூன்றுமொழித் தாளைக் காட்டி, அரபியில் நடு எழுத்து ளாத்தான் என்று கண்ணால் பார்த்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள். ஸாத் எழுத்தின் தலைக்கு மேல் ஒரே ஒரு புள்ளி இருந்தால் ளாத். அந்தப் புள்ளி விடுபடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

---

அரபுத்தமிழ் நேயன்:

கடல்சங்கு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ளாத்துக்கு ஒரு புள்ளி என்றால் கேவுக்கும் மேலே ஒரு புள்ளி. அது விட்டுப்போனால் ஹே, முதல் எழுத்தே மாறிவிடும். ஆகவே மூன்று எழுத்தில் இரண்டு புள்ளி எண்ணிப் பாருங்கள்: முதலாவதன் மேல் ஒன்று, இரண்டாவதன் மேல் ஒன்று, றேக்கு எதுவும் இல்லை. றேக்கு மேலேயும் புள்ளி விழுந்திருந்தால் அது ஸே, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.